ஆன்லைன் சர்வே எங்கே இடிக்கிறது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பின்னலாடைத் தொழிலாளர்கள், மஞ்சள் விவசாயிகள், விசைத்தறிக்காரர்கள் என்று யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாலும், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மாணவர்களும் சின்ன அமைப்புகளும் இன்று முதலில் செய்வது ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான். செலவு கிடையாது, ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்துவிடும். பதில்கள் வந்து ஷீட்டைத் திறக்கும்போதுதான் சிக்கல் தெரிய ஆரம்பிக்கும். அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஷீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

இங்கே பேசுவது தேடல் ஆய்வைப் பற்றி மட்டும். அதாவது, எதைக் கேட்க வேண்டும் என்பதே இன்னும் தெளிவாகாத நிலையில், நாலு பேரிடம் கேட்டுப் பார்த்து விஷயத்தின் உருவத்தைப் பிடிக்கும் ஆய்வு. நல்ல கேள்விகளையும் ஊகங்களையும் கண்டுபிடித்துக் கொடுத்தால் அதன் வேலை முடிந்தது. 'திருப்பூர்த் தொழிலாளர்களில் இத்தனை சதவீதம்' என்று அறிவிக்கும் தகுதி அதற்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஷீட்டில் கோளாறு மாதிரித் தெரிகிற பல விஷயங்கள் தகவலாக மாறிவிடும். யார் பதில் சொன்னார்கள், கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள், எங்கே தயங்கினார்கள் என்பதெல்லாம் அந்தக் கோளாறுகளில்தான் பதிந்திருக்கிறது.

அதனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு வேலை. பதில்கள் வந்து விழும் தாளைத் தொடாதீர்கள். அதன் பிரதி ஒன்றை எடுத்து 'சுத்தம்' என்று பெயர் வையுங்கள். மூன்றாவதாக 'மாற்றக் குறிப்பு' என்று ஒரு தாளில், எந்த வரிசையில் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள். இந்த மூன்றாவது தாள் இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

லிங்க் அனுப்பியாச்சு, பதிலே வரவில்லை

முதலில் ஃபார்மை நீங்கள் லாகின் செய்யாத வேறொரு ஃபோனில் திறந்து பாருங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் கூகுள் லாகின் கேட்கும். ஃபைல் அப்லோடு செய்யச் சொல்லும் கேள்வி ஒன்று இருந்தாலும் அப்படித்தான். லாகின் திரையைப் பார்த்ததுமே பலர் திரும்பிவிடுவார்கள். ஏற்கெனவே லாகினில் இருப்பவர்களும் ஃபார்மில் தங்கள் மெயில் முகவரி தெரிவதைப் பார்த்து, 'பேரு கம்பெனிக்குத் தெரிஞ்சுருமோ' என்று மூடிவிடுவார்கள். தேடல் ஆய்வுக்கு இந்த அமைப்பு வேண்டாம். ஒருவரே இரண்டு முறை பதில் சொன்னால் பின்னால் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பயந்து போனவர் திரும்பி வரமாட்டார்.

அடுத்தது நேரம். காலை பத்து மணிக்கு அனுப்பும் லிங்க் கல்லூரி ஆசிரியருக்குச் சரி. ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து இரவில் வீடு திரும்பும் டெய்லருக்கு அது வாட்ஸ்அப்பில் எங்கேயோ அடியில் போயிருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள், ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் அனுப்பிப் பாருங்கள். மஞ்சள் விவசாயிகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டு, வேகவைத்தல், காயவைத்தல் என்று கை ஓயாது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் வாரமும் அப்படியே. தீபாவளி போனஸ் வாரத்தில் திருப்பூரில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

பாதியில் விட்டுப் போனவர்கள் எந்தக் கேள்வியில் விட்டார்கள் என்பது கூகுள் ஃபார்ம்ஸில் தெரியாது. கடைசியில் 'சமர்ப்பி' அழுத்தியவர்களின் பதில் மட்டும்தான் ஷீட்டுக்கு வரும். லைம்சர்வே போன்ற கருவிகளில் பாதிப் பதிலும் சேமிக்கப்படும். ஆனால் கருவியை மாற்றுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மூன்று நான்கு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஃபோனிலேயே ஃபார்மை நிரப்பச் சொல்லிப் பேசாமல் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறது, எந்தக் கேள்வியை இரண்டு முறை படிக்கிறார், எங்கே 'இது என்னங்க?' என்று நிமிர்ந்து பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டால் ஃபார்மில் பாதிக் கேள்விகள் தாமாகவே கழன்றுவிடும்.

சிக்னல் சரியாகக் கிடைக்காத மலையடிவாரத்துத் தோட்டங்களுக்கு லிங்க் வேலைக்கு ஆகாது. கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே. என்ற சர்வே கருவிகள் இரண்டிலும் இணையம் இல்லாமலே ஃபோனில் பதிவு செய்து, ஊருக்குள் வந்ததும் அனுப்பிவிடலாம். ஆனால் அப்போது கேட்பவர் ஒருவர் நேரில் இருக்கிறார், பதிலின் தன்மை மாறும். அந்தப் பதில்களை ஷீட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

பதில் குவிகிறது, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள்

அதிகம் கவலைப்பட வேண்டிய அறிகுறி இதுதான். யாரும் கவலைப்படாத அறிகுறியும் இதுதான். ஷீட் பார்க்க அழகாக இருக்கும், இருநூறு வரிசை நிறைந்திருக்கும். வயது, படிப்பு, வேலை என்ற மூன்று நெடுவரிசைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். 'பின்னலாடைத் தொழிலாளர் நிலை' என்று தலைப்பு வைத்த சர்வேயில் பெரும்பாலோர் டிகிரி படித்தவர்களாக, மெர்ச்சண்டைசர்களாக, ஆஃபீஸ் ஊழியர்களாக இருந்தால், லிங்க் உங்கள் நண்பர்களின் நண்பர்களோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். டெய்லருக்கு உதவும் கைமடிப் பெண்கள், செக்கிங் டேபிளில் நிற்பவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள் யாரும் அந்த ஷீட்டில் இல்லை.

பதில் நிறைய வந்தால் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைச் சொல்வேன். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை கணித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிஃபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் ஃபோனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் விஷயம் புரியும். அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்தவர்களும் ஒரு பக்கமாகவே இருந்தார்கள். அதே தேர்தலைக் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் மிகக் குறைவான பேரிடம் மட்டும் கேட்டுச் சரியாகச் சொன்னார்.

வாட்ஸ்அப் லிங்க்கிலும் இந்த இரண்டு வடிகட்டிகளும் இருக்கின்றன. லிங்க் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஒன்று. வந்ததை யார் திறந்து நிரப்பினார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை நம்மால் அவ்வளவாகக் கட்டுப்படுத்த முடியாது. முதலாவதை அளக்கவாவது செய்யலாம்.

கூகுள் ஃபார்ம்ஸில் முன்பே நிரப்பிய லிங்க் எடுக்கும் வசதி இருக்கிறது. 'குறியீடு' என்று ஒரு சிறு கேள்வியைச் சேர்த்து, ஒவ்வொரு குரூப்புக்கும் அதில் வேறு வேறு எழுத்தை நிரப்பி லிங்க் எடுங்கள். கல்லூரி குரூப்புக்கு அ, அனுப்பர்பாளையம் லைன் வீட்டுக்காரர்கள் குரூப்புக்கு ஆ, பெருந்துறை சிப்காட் பஸ்ஸில் வருபவர்களுக்கு இ என்று போகட்டும். பதில் வந்ததும் பிவோட் டேபிளில் (பதில்களை வகைவாரியாக எண்ணித் தரும் அட்டவணையில்) முதலில் இந்தக் குறியீட்டை வைத்துப் பிரித்துப் பாருங்கள். அ குரூப் ஒரு கதையும் ஆ குரூப் வேறு கதையும் சொன்னால், இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது கூடாது. அந்த வித்தியாசமே உங்கள் ஆய்வின் முதல் கண்டுபிடிப்பாக இருக்கலாம்.

அப்புறம், ஒரு காகிதத்தில் 'இந்த ஷீட்டில் இல்லாதவர்கள்' என்று பட்டியல் போடுங்கள். திருப்பூர் என்றால் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் பட்டியலில் மேலே நிற்பார்கள். தமிழில் மட்டும் ஃபார்ம் போட்டால் அவர்கள் எப்படி வருவார்கள்? இந்தியிலும் ஒடியாவிலும் ஃபார்ம் போடும்போது, எல்லா மொழியிலும் விடைகளுக்கு முன்னால் ஒரே எண்ணைப் போட்டுவிடுங்கள். '1. ஷிஃப்ட் கணக்கு, 2. பீஸ் ரேட்' (ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) என்று தமிழில் இருந்தால் ஒடியாவிலும் 1, 2 அதே வரிசையில் இருக்கட்டும். மூன்று ஷீட்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது எண்ணை மட்டும் பிரித்தெடுத்தால் போதும்.

சம்பளம் கேட்டேன், 500 முதல் 19,500 வரை வந்திருக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இங்கேதான் நல்ல தரவு குப்பைக்குப் போகிறது.

'உங்கள் சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டிருப்பீர்கள். ஒரு டெய்லருக்கு ஷிஃப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒன்றரை ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 9 ஷிஃப்ட். சனிக்கிழமை கையில் வருவது 4,500. அதை வருஷத்துக்கு 52 வாரம் என்று பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 19,500. ஒரே மிஷினில் ஒரே சம்பளம் வாங்கும் மூன்று பேர் 500, 4,500, 19,500 என்று மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் உண்மை. நீங்கள் சராசரி எடுத்தால் 8,167 வரும். அந்தச் சம்பளம் வாங்கும் ஆள் அந்தக் கம்பெனியில் ஒருவரும் இல்லை.

வழக்கமாகச் செய்யும் தப்பு, 500 என்று எழுதியவரை 'தவறான பதில்' என்று நீக்குவது. பெட்டி வரைபடம் போட்டால், நடுப் பாதிப் பதில்கள் பரவியிருக்கும் அகலத்தைப் (கால்மான இடைவெளி) போல ஒன்றரை மடங்குக்கு மேல் பெட்டியிலிருந்து தள்ளி விழுவதை விலகல் என்று குறிக்கும். இந்தப் படத்தைப் பரவலாக்கிய ஜான் டூக்கி, அப்படி விழுந்ததைப் போய்ப் பாருங்கள் என்பதற்காகத்தான் அந்தக் கோட்டை வைத்தார். பார்த்த பிறகுதான் என்ன செய்வது என்ற பேச்சு.

எப்படிப் பார்ப்பது? சம்பள நெடுவரிசைக்கு ஹிஸ்டோகிராம் (எந்தத் தொகையை எத்தனை பேர் எழுதினார்கள் என்று காட்டும் பட்டைப் படம்) போடுங்கள். ஆயிரத்துக்குக் கீழே ஒரு மேடு, சில ஆயிரங்களில் ஒரு மேடு, பத்தாயிரத்துக்கு மேல் ஒரு மேடு என்று மூன்று தெரிந்தால் அலகு கலந்திருக்கிறது. பக்கத்தில் 'அலகு' என்று புது நெடுவரிசை சேர்த்து ஷிஃப்ட், வாரம், மாதம், தெரியவில்லை என்று நான்கில் ஒன்றைப் போடுங்கள். அதே நபர் வேறு கேள்விகளுக்குச் சொன்ன பதில் உதவும். எத்தனை ஷிஃப்ட் பார்க்கிறார், என்ன வேலை, பீஸ் ரேட்டா என்று பாருங்கள். 3,000 என்று ஒருவர் எழுதி, வேறு எதுவும் துணைக்கு இல்லை என்றால் 'தெரியவில்லை' என்றே விடுங்கள். ஊகித்து நிரப்பினால் அது அவருடைய பதிலாக இருக்காது, உங்களுடையதாகிவிடும்.

அடுத்த சுற்றில் கேள்வியை மாற்றுங்கள்: 'போன சனிக்கிழமை கையில் வாங்கிய தொகை எவ்வளவு? அந்த வாரம் எத்தனை ஷிஃப்ட் பார்த்தீர்கள்? அட்வான்ஸ், மெஸ், ஹாஸ்டல் பிடித்தம் ஏதாவது இருந்ததா?' மூன்று சின்னக் கேள்வி, மூன்றுக்கும் அவருக்கு யோசிக்காமல் பதில் தெரியும். ஃபார்மில் எண் மட்டும் ஏற்கும்படி கட்டுப்பாடு வைத்தால் '5 ஆயிரம்', 'ஐயாயிரம்' போன்றவை வராது. ஆனால் மேல் வரம்பு கீழ் வரம்பு வைப்பதில் ஜாக்கிரதை. நீங்கள் எதிர்பார்க்காத உண்மையான தொகையை ஃபார்ம் ஏற்க மறுத்துவிடும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

விவசாயத்திலும் இதே சிக்கல்தான். மஞ்சள் விளைச்சலை ஒருவர் மூட்டையில் சொல்வார், ஒருவர் குவிண்டாலில் சொல்வார். ஒருவர் ஏக்கருக்கு என்று எழுதுவார், இன்னொருவர் மொத்தக் காட்டுக்கும் சேர்த்து எழுதுவார். விரலியா (நீளமான கிளை) கிழங்கா (உருண்டையான தாய்க்கிழங்கு) என்று கேட்காமல் விலை மட்டும் கேட்டால் இரண்டு வேறு விலைகள் கலந்துவிடும். நிலத்தை '2.50' என்று எழுதியிருந்தால் இரண்டரை ஏக்கரா, 2 ஏக்கர் 50 சென்ட்டா? நல்லவேளை, 100 சென்ட் ஒரு ஏக்கர் என்பதால் இரண்டும் ஒன்றே. '2.5' என்பதை மட்டும் 2 ஏக்கர் 5 சென்ட் என்று எண்ணி எழுதியிருப்பாரா என்று ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஒரே ஊர் பிவோட் டேபிளில் நாலைந்து ஊராக நிற்கிறது

அவிநாசி, அவினாசி என்று எழுத்து மாறுவது கண்ணுக்குத் தெரியும், கையால் சேர்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகை இருக்கின்றன.

முதலாவது, சில பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையிலும் சில விசைப்பலகைகளிலும் 'ர்' என்பதற்குப் பதிலாகத் துணைக்கால் மேல் புள்ளி விழுந்திருக்கும். 'திருப்பூா்' என்று அது வரும். படிக்கும்போது வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். கால் மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால், கண்டுபிடித்து மாற்றும் வசதியில் 'ா்' இருக்கும் இடமெல்லாம் 'ர்' என்று தயங்காமல் மாற்றலாம்.

இரண்டாவது, 'பொ' போன்ற எழுத்துகள். ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். நீளம் எண்ணும் 'லென்' ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள். 'பொள்ளாச்சி' ஒரு வரிசையில் 10 என்றும் இன்னொன்றில் 11 என்றும் வந்தால் காரணம் இதுதான். இதையும் அதே வழியில் மாற்றிவிடலாம். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை 'ட்ரிம்' ஃபார்முலா பார்த்துக்கொள்ளும்.

மாவட்டம் கேட்டிருந்தால் வேறொரு விஷயத்தையும் நினைவில் வையுங்கள். திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. உடுமலைக்காரர் ஒருவர் பழக்கத்தில் கோவை என்றும், தாராபுரத்துக்காரர் ஈரோடு என்றும் எழுதினால் அது பிழையில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடப் போனால் அதில் திருப்பூர் மாவட்டமே இருக்காது, 2011இல்தான் இருக்கும். தாலுகா கேட்பது இன்னும் உருப்படியானது. அதைவிட முக்கியம், 'ஊர்' என்றால் பிறந்த ஊரா, குடியிருக்கும் ஊரா, வேலை பார்க்கும் ஊரா என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவது.

எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது

தரவு கெடவில்லை, பயப்பட வேண்டாம். சி.எஸ்.வி. கோப்பை (வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணையை) இரட்டைக் கிளிக் செய்து திறப்பதால் வருவது. எக்செல்லை வெற்றாகத் திறந்து, டேட்டா மெனுவில் கோப்பிலிருந்து உரையை எடுக்கும் வழியில் போய், குறியீட்டு முறையில் 65001 யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிறுக்கலாகத் தெரியும்போது மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

தேதி குழம்புவதும் இதே வகைதான். 05/08 என்பது ஆகஸ்ட் 5 ஆகவும் மே 8 ஆகவும் தெரியும். ஷீட் அமைப்புகளில் இடத்தை இந்தியா என்று முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பல விடைகளை டிக் செய்யும் கேள்வியில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை

ஒருவர் டிக் செய்த எல்லா விடைகளும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு வந்து விழும். விடைக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், உதாரணமாக 'சம்பளம், போனஸ் தாமதம்' என்று இருந்தால், பிரிக்கும்போது அது இரண்டாகிவிடும். அடுத்த முறை விடைகளில் காற்புள்ளியே வைக்காதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு நெடுவரிசை வைத்து, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று மாற்றிக்கொள்ளுங்கள். சதவீதம் மொத்தம் 100ஐத் தாண்டும், அது சரிதான். சர்வே நடந்துகொண்டிருக்கும்போது ஒரு விடையின் வாசகத்தைத் திருத்தினால் பழையதும் புதியதும் தனித்தனியாக நிற்கும். திருத்தியே ஆக வேண்டும் என்றால் எந்தத் தேதியில் என்று மாற்றக் குறிப்பில் எழுதுங்கள்.

எல்லோரும் 'திருப்தி' என்கிறார்கள்

மூன்று காரணங்களை வரிசையாகச் சோதிக்கலாம்.

ஒன்று, அளவுகோல் புரியவில்லை. 1 முதல் 5 வரை என்று கொடுத்து 5தான் உயர்ந்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். முதல் ரேங்க்தான் ஒசத்தி என்று வளர்ந்தவர்கள் நாம். சொந்த வார்த்தையில் எழுதச் சொன்ன திறந்த கேள்வியில் 'நல்ல கம்பெனிங்க, குறையே இல்லை' என்று எழுதியவர் 1 கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். சிலராவது அப்படி இருந்தால் அந்தக் கேள்வியின் எண்களை நம்ப முடியாது. எண்ணை எடுத்துவிட்டு ஐந்துக்கும் சொல் போடுங்கள்.

இரண்டு, கேள்வியைப் படிக்காமல் ஒரே நெடுவரிசையில் இறங்கி வந்திருக்கிறார்கள். ஒரே அளவுகோலில் வரிசையாக அடுக்கிய கட்டக் கேள்விகள் பத்துக்கும் ஒருவர் 4 என்றே கொடுத்திருந்தால் இது தெரியும். அந்தப் பத்தில் ஒன்றிரண்டை எதிர்ப்பக்கமாக எழுதியிருந்தால் இன்னும் தெளிவாகப் பிடிபடும். 'சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசுகிறார்' என்பதற்கும் 'சூப்பர்வைசர் திட்டுகிறார்' என்பதற்கும் ஒரே ஆள் முழுமையாக ஒத்துக்கொண்டால், அந்தக் கட்டத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அவருடைய மற்ற பதில்கள் நன்றாகவே இருக்கலாம்.

மூன்று, பயம். இதுதான் நம் பக்கத்தில் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். லிங்க்கை அனுப்பியது சூப்பர்வைசர் என்றால், ஃபார்மில் கம்பெனி பெயரும் ஃபோன் நம்பரும் கேட்டிருந்தால், யார்தான் குறை சொல்வார்கள்? கம்பெனி பெயர் ஆய்வுக்கு வேண்டுமா என்று உங்களையே கேளுங்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை, எத்தனை பேர் வேலை பார்க்கும் யூனிட் என்று தெரிந்தால் போதும். ஃபோன் நம்பரைக் கட்டாயமாகக் கேட்காதீர்கள். மேற்கொண்டு பேசச் சம்மதிப்பவர்களுக்குத் தனியாக ஒரு ஃபார்ம் கொடுத்தால் பதிலும் நம்பரும் ஒட்டாமல் இருக்கும்.

தனிப்பட்ட தகவல் வாங்குவது என்று முடிவு செய்தால், 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் அதன் அடிப்படை. 18 வயது ஆகாதவரைச் சட்டம் குழந்தை என்றே கணக்கிடுகிறது, பெற்றோர் சம்மதம் தேவை. நூற்பாலை, பின்னலாடை ஆய்வுகளில் இது வெறும் சம்பிரதாயம் கிடையாது. முதல் பக்கத்திலேயே வயதைக் கேட்டு, 18க்குக் கீழ் என்றால் ஃபார்ம் நன்றி சொல்லி முடியும்படி அமைத்துவிடுங்கள்.

கால் மணி நேரத்தில் முப்பது பதில் வந்து விழுந்திருக்கிறது

நேர முத்திரையை வரிசைப்படுத்திப் பாருங்கள். கல்லூரி லேபில் ஆசிரியர் மொத்த வகுப்பையும் உட்கார வைத்து நிரப்பச் சொல்லியிருக்கலாம். அல்லது ஒரு சூப்பர்வைசர் தன் லைனில் உள்ளவர்களுக்காகத் தானே நிரப்பியிருக்கலாம். முதல் வகையில் திறந்த பதில்கள் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவதில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை திரும்பத் திரும்ப வரும். எதுவானாலும் நீக்காமல் 'கூட்டம்' என்று ஒரு குறி போடுங்கள். எல்லாக் கணக்கையும் அவர்களைச் சேர்த்து ஒரு முறை, விட்டு ஒரு முறை செய்யுங்கள். இரண்டிலும் ஒரே படம் வந்தால் நிம்மதி.

திறந்த கேள்விக்கு ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள், எப்படித் தொகுப்பது?

தேடல் ஆய்வின் உயிரே இந்த நெடுவரிசைதான். இதைக் கடைசிக்குத் தள்ளி, நேரமில்லாமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். முதலில் எதையும் எண்ணாமல் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது பக்கத்தில் ஒன்றிரண்டு சொல்லில் தலைப்புப் போடுங்கள். அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவரிடம் அதே பதில்களைக் கொடுத்து, உங்கள் தலைப்புகளைக் காட்டாமல் அவரையும் போடச் சொல்லுங்கள். எங்கே இருவரும் ஒத்துப்போகவில்லையோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.

தொழில் தெரிந்தவர் ஏன் வேண்டும் என்பதற்குப் பொள்ளாச்சியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தென்னையில் என்ன பிரச்சினை என்று கேட்டால் ஒருவர் 'மட்டையெல்லாம் கறுத்துப் போச்சுங்க' என்பார். இன்னொருவர் 'அடியில் நிற்கிற செடியெல்லாம் பசை மாதிரி ஒட்டுதுங்க' என்பார். மூன்றாமவர் 'வெள்ளைப் பூச்சி' என்று மட்டும் எழுதுவார். வெளியாள் தொகுத்தால் மூன்று பிரச்சினை என்று மூன்று தலைப்பு வரும். மூன்றுமே சுருள் வெள்ளை ஈயின் வேலையாக இருக்கலாம். ஈ வடிக்கும் இனிப்பான திரவம் கீழே சொட்டி ஒட்டும், அதன் மேல் கரும்பூசணம் படிந்து மட்டை கறுக்கும். அதே ஷீட்டில் 'மட்டை மஞ்சளாகித் தொங்குது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அதை இதோடு சேர்க்கக் கூடாது. அது வாடல் நோயாக இருக்கலாம், தண்ணீர்ப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம். தோட்டக்காரர் ஒருவருக்கு இந்த வித்தியாசம் படித்தவுடனே தெரியும்.

சொன்னதை உங்கள் நடைக்கு மாற்றாமல் அவர் எழுதியபடியே வைத்திருங்கள். அடுத்த சர்வேயில் விடைகளாகப் போட வேண்டியது அந்த வார்த்தைகளைத்தான்.

எதைச் சோதித்தாலும் ஏதோ ஒரு தொடர்பு வருகிறது

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் எல்லாக் கேள்வியையும் எல்லாக் கேள்வியோடும் கோத்துப் பார்த்தால் வரத்தான் செய்யும். பி மதிப்பு என்பது, தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. அதற்கு 0.05 என்று வரம்பு வைத்தால், தொடர்பே இல்லாத இடத்திலும் இருபதில் ஒரு முறை தொடர்பு இருப்பதாகக் காட்டும். ஒன்றையொன்று சாராத இருபது சோதனை செய்தால், ஒன்றாவது பொய்யாகத் தேறுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். முப்பது கேள்வி உள்ள ஃபார்மில் ஜோடிகள் மட்டும் 435. கிடைத்ததில் அழகானதைப் பொறுக்கி, அதைத்தான் முதலிலிருந்தே தேடியது போல எழுதினால் படிப்பவர் ஏமாறுகிறார்.

எத்தனை சோதனை செய்தீர்கள் என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள். இருநூறு பதிலுக்கு மேல் இருந்தால், ஆரம்பத்திலேயே குலுக்கல் முறையில் பாதியைப் பிரித்து எடுத்து மூடி வையுங்கள். முதல் பாதியில் தேடுங்கள், கிடைத்ததை மட்டும் மறுபாதியில் சோதியுங்கள். கை-ஸ்கொயர் (இரண்டு கேள்விகளின் பதில்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) பார்க்கும்போது எதிர்பார்ப்பு எண்ணிக்கை, அதாவது தொடர்பே இல்லாவிட்டால் இருக்க வேண்டிய எண்ணிக்கை, 5க்குக் கீழே உள்ள கட்டங்கள் நிறைய இருந்தால் அந்த முடிவை நம்ப வேண்டாம், பிரிவுகளைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

எண்ணுக்கு முன் படம் போடுங்கள். புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரியும் ஒட்டுறவும் (இரண்டு எண்கள் சேர்ந்து மாறும் அளவு) நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே, படம் போட்டால் நான்கும் வேறு வேறு. ஒன்றில் ஒரே ஒரு புள்ளிதான் மொத்தத் தொடர்பையும் உருவாக்கியிருக்கும். உங்கள் ஷீட்டில் அந்த ஒற்றைப் புள்ளி, சம்பளத்தை மாதக் கணக்கில் எழுதிய ஒருவராக இருக்கலாம்.

தொடர்பு தெரிந்தால் அதைப் பிரித்தும் பாருங்கள். வயது கூடக் கூடச் சம்பளத் திருப்தி குறைகிறது என்று வருகிறதா? ஷிஃப்ட் ஆட்களைத் தனியாக, பீஸ் ரேட் ஆட்களைத் தனியாக எடுங்கள். இரண்டிலும் அந்தத் தொடர்பு காணாமல் போனால், வயதுக்கும் திருப்திக்கும் நேரடிச் சம்பந்தம் இருந்திருக்காது. வயதானவர்கள் ஒரு வகைக் கணக்கில் அதிகமாக இருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

'384 பேர் வேண்டும்' என்று கைடு சொல்கிறார்

அந்த எண் கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதப் பிழை வரம்புக்கு (நூறு முறை எடுத்தால் 95 முறை உண்மை விடையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் நிற்க), பெரிய மக்கள்தொகை ஒன்றிலிருந்து 384 பேர் போதும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு நிற்பது ஒரே ஒரு நிபந்தனையில்: அந்த 384 பேரும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். லிங்க் கைமாறிக் கைமாறிப் போய், விருப்பப்பட்டவர் நிரப்பிய சர்வேக்கு அந்த 5 சதவீதம் பொருந்தாது. 384 வந்தாலும் பொருந்தாது, 3,840 வந்தாலும் பொருந்தாது.

தேடல் ஆய்வில் எப்போது நிறுத்துவது என்பதற்கு வேறு அடையாளம் உண்டு. கடைசியாக வந்த இருபது முப்பது திறந்த பதில்களில் புதுத் தலைப்பு எதுவும் வரவில்லையா? இல்லாதவர்கள் பட்டியலில் இருந்த பிரிவுகளிலிருந்தும் சிலராவது வந்துவிட்டார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நிறுத்தலாம். கைடிடம் பேசும்போது 'மாதிரி அளவு' என்ற பேச்சை எடுக்காமல், இந்தச் சர்வேயிலிருந்து கிடைத்த ஊகங்களையும் அவற்றைச் சோதிக்கப் போகும் அடுத்த கட்டத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

அறிக்கையில் முறையியல் பத்தி இப்படி இருந்தால் போதும்: எந்தெந்த குரூப்களில், எந்தத் தேதிகளில் லிங்க் பகிரப்பட்டது, எத்தனை பதில் வந்தது, எத்தனை பதிலில் எந்தக் கேள்வி கணக்கில் எடுக்கப்படவில்லை, ஏன், யார் இந்தத் தரவில் இல்லை. முடிவுகளை எழுதும்போது 'தொழிலாளர்களில் 37 சதவீதம்' என்று எழுதாமல் 'பதில் சொன்ன 112 பேரில் 41 பேர்' என்று எழுதுங்கள். சதவீதம் இல்லாமல் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்றால் அடைப்புக்குறிக்குள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், 112ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள்.